தோற்றவருக்கே முதல் உரிமை

வென்றவருக்கு மாலை, தோற்றவருக்கு ஆறுதல் மொழி: இதுவே நாம் அறிந்த உலக வழக்கம். தோற்றவருக்கே முதல் உரிமை என்றொரு விதி உண்டு என்றால் நம்மில் பலர் நகைப்பர். ஆயினும் அமெரிக்க நாட்டின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் அத்தகைய விதி 1947-ஆம் ஆண்டு தொட்டே வழங்கிவருகிறது. சங்கத்தில் இன்று முப்பது அணிகள் உள்ளன. புதிதாக ஆடவரும் இளைஞர்களை அவை, வழக்கமாக ஜூன் மாதத்தில் கூடி, ஒருவர்பின் ஒருவராகத் தெரிந்தெடுக்கின்றன. கடந்த பருவத்தில் மிகுதியாகத் தோற்ற அணிகளுக்கு வரிசையில் முன்னிடம். செல்வமும் புகழும் மிக்க நகரங்களே நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொள்ளாதிருக்கவும், நலிந்தவர் நிமிரவும் வகுத்த ஏற்பாடு இது.

இதைப் பற்றி நம் மாத இதழில் எழுதுவானேன் என்று பெரியவர்கள் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளே காரணம். நியூயார்க்கில் இரவு எட்டு மணிக்குத் தெரிவு தொடங்கும்போது இங்கே விடியற்காலை ஐந்தரை மணி. தேர்வுக்குப் படிக்க எழுப்பினாலும் எழாத பிள்ளைகள், அன்று பால்காரர் வருமுன் எழுந்து, கைப்பேசியைச் சூழ்ந்து அமர்ந்து, எந்தப் பையனை எந்த அணி எடுக்க வேண்டும் என்று கட்சி கட்டி வாதாடுகின்றனர். கண்டதும் இல்லாத ஊரின் அணிக்காக இத்தனை வெப்பமா என்று முதலில் நாமும் கடிந்துகொண்டோம். பிறகு அருகில் அமர்ந்து கேட்டோம். கேட்டபின், அவர்கள் வாதம் நமக்கு முற்றிலும் அயலானது அன்று என்பது விளங்கிற்று.

வாதத்தில் கட்சிகள் இரண்டு. அணிக்கு எந்த இடத்தில் குறையோ, அந்த இடத்துக்கு ஏற்றவரை எடு என்பது ஒன்று. குறையை மற, உள்ளவருள் திறமை மிக்கவரை எடு என்பது மற்றொன்று. இரண்டாம் கட்சியார் எப்போதும் 1984-ஆம் ஆண்டைச் சான்றுக்கு அழைப்பர். அவ்வாண்டு ஹூஸ்டன் அணி ஹக்கீம் ஒலாஜுவானை முதலில் எடுத்தது. அடுத்த உரிமை போர்ட்லண்டு அணியுடையது. விரைந்தாடும் கிளைடு டிரெக்ஸ்லர் அங்கே முன்னமே இருந்தார். வேண்டியிருந்தவர் வளையத்தருகே நிற்கும் நெடியவர். எனவே, கல்லூரி நாட்களில் காலில் அடிபட்டு இரண்டு பருவங்கள் ஆடாதிருந்த சாம் போவியை எடுத்தனர். மூன்றாவதாக நின்ற சிகாகோ அணிக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஜோர்டன். சிகாகோ ஆறு முறை வாகை சூடிற்று. போவியோ, தாம் செய்த பிழை ஒன்றுமின்றியே, பிறர் செய்த பிழைக்குப் பெயராகிப் போனார்.

நிற்க. தோற்றவருக்கு முன்னுரிமை என்றால், வேண்டுமென்றே தோற்றால் என்ன என்ற எண்ணம் எவருக்கேனும் எழாதிருக்குமா? எழுந்தது. அதைத் தடுக்கவே 1985 முதல் குலுக்கல் முறை வந்தது. அதன் பின்னரும் அவ்வெண்ணம் அழியவில்லை. அதன் முழு வரலாற்றையும் காண விரும்புவோர் பிலடெல்பியா நகரைத்தான் பார்க்க வேண்டும்.

1967-இலும் 1983-இலும் வாகை சூடிய பழம்பெரும் அணி அது. பிறகு நெடுங்காலம் மேலும் ஏறாமல், கீழும் விழாமல் நடுவில் கிடந்து உழன்றது. 2013-இல் நிர்வாகப் பொறுப்பேற்ற சாம் ஹிங்கி, நடுவில் கிடப்பதினும் அடியில் கிடப்பதே மேல் என்று துணிந்தார். தேர்ந்த ஆட்டக்காரரை விற்று, வருங்காலத் தெரிவு உரிமைகளை வாங்கிச் சேர்த்தார். அடுத்த மூன்று பருவங்களில் அணி ஆடிய ஆட்டங்கள் 246. வென்றவை 47 மட்டுமே. 2015-16 பருவத்தில் வெற்றி பத்து, தோல்வி எழுபத்திரண்டு. ரசிகர்களோ, "முறையை நம்புவோம்" என்ற முழக்கத்தோடு, ஆட்டத்தைவிட ஜூன் மாதத் தெரிவையே ஆவலுடன் எதிர்நோக்கினர்.

அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டோர் யாவர்? 2014-இல் மூன்றாவதாக, கமரூன் நாட்டின் ஜோயெல் எம்பீட். பதினைந்து வயதுக்குப் பின்னரே கூடைப்பந்தைக் கையிலெடுத்து, பதினாறில் பிறந்த நாட்டை விட்டு வந்தவர். தெரிவுக்குச் சில நாட்களுக்கு முன் பாதத்தில் அறுவைச் சிகிச்சை. இரண்டு பருவங்கள் முழுவதும் அவர் களமிறங்கவில்லை. வீண் தெரிவு என்றனர் பலர். உடல் பருத்துவிட்டது என்று ஏளனமும் எழுந்தது. அதே 2014 அக்டோபரில், அவர் தம்பி ஆர்தர் தாய்நாட்டில் விபத்தில் மாண்ட செய்தி அவருக்கு வந்தது. கடல் கடந்த ஊரில், கால் ஊன்ற இயலாத நிலையில், இருபது வயது இளைஞன் அச்செய்தியைக் கேட்டு நின்ற நிலையை, தொலைவில் வாழும் நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் தமக்குப் பிறந்த மகனுக்கு ஆர்தர் என்றே அவர் பெயரிட்டார். 2023-இல் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது அவரை அடைந்தது.

ஆனால் எல்லாத் தெரிவும் அவ்வாறு கனியவில்லை. 2015-இல் மூன்றாவதாக வந்த ஜாலில் ஓகாஃபோர் நிலைபெறவில்லை. 2016-இல் முதலாவதாக வந்த பென் சிம்மன்ஸ் சிறப்பாகத் தொடங்கியும், இறுதியில் மனக்கசப்புடன் பிரிந்தார். 2017-இல், மூன்றாம் இடத்தில் நின்ற அணி, மற்றொரு தெரிவு உரிமையையும் சேர்த்துக் கொடுத்துப் பாஸ்டனிடமிருந்து முதலிடத்தை வாங்கி, மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது. தோள் நோயால் அவரால் பந்தையே முன்போல் எறிய இயலவில்லை. மூன்றாம் இடத்துக்கு இறங்கிய பாஸ்டன் எடுத்தவர் ஜேசன் டேட்டம். பாஸ்டன் 2024-இல் வாகை சூடிற்று. பிலடெல்பியாவோ 2018 முதல் 2025 வரை இறுதிக்கட்டப் போட்டிகளில் இரண்டாம் சுற்றைத் தாண்டியதே இல்லை. 2025-இல் மீண்டும் மூன்றாவது இடத்தில் நின்று ஓர் இளைஞரைத் தெரிந்தெடுத்தது.

தெரிவாளர் கண்ணும் ரசிகர் கண்ணும் எத்துணை தூரம் காணும் என்பதற்கு ஒரே சான்று போதும். எம்பீட் எடுக்கப்பட்ட அதே இரவில் நாற்பத்தோராவதாக ஒரு பெயர் வந்தது. அவ்வேளை தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது உணவு விளம்பரம். பெயருக்குரியவரோ செர்பிய நாட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் நிக்கோலா யோக்கிச். டென்வர் அணி அவரை உடனே அழைத்து ஆட்டிப் பார்க்கவில்லை. இன்னும் ஓராண்டு தாய்நாட்டிலேயே ஆடி வளரவிட்டது. 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்று, 2023-இல் டென்வருக்கு முதல் வாகையையும் ஈட்டித் தந்தவர் அவரே.

தோல்வியை விரும்பித் தேடுவோருக்குச் சங்கமும் பின்னர் ஒரு தடை வைத்தது. கடைசி இடத்து அணிக்குக் குலுக்கலில் இருந்த நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பு, 2019-இல் பதினான்காகக் குறைக்கப்பட்டது. கடைசி மூன்று அணிகளுக்கும் அதே பதினான்குதான். 2025-இல் நூற்றுக்கு இரண்டுகூட நிறையாத வாய்ப்புடைய டல்லஸ் அணிக்கு முதலிடம் விழுந்தது. அடியில் கிடப்பதற்கு இனி உறுதியான கூலி இல்லை.

நம் நாட்டுப் பிள்ளை ஒருவர் பெயரும் இவ்வரலாற்றில் உண்டு. பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் பிறந்து, லூதியானாவில் பயின்று, பதினான்கு வயதில் 2010-இல் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்ட சத்னாம் சிங். ஏழடி இரண்டு அங்குலம் உயரம். ஓகாஃபோர் மூன்றாவதாக எடுக்கப்பட்ட அதே 2015 தெரிவில், ஐம்பத்திரண்டாவதாக டல்லஸ் அணி அவரை அழைத்தது. இந்தியாவில் பிறந்தோருள் அவ்வாறு அழைக்கப்பட்ட முதல்வர் அவரே. அன்று நம் இல்லங்களிலும் மகிழ்ச்சி பொங்கிற்று. எனினும் சங்கத்தின் முறையான பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை; பின்னர் மற்போர் அரங்குக்குச் சென்றார். பெயர் அழைக்கப்படுவது ஒன்று. வாழ்வு அமைவது வேறொன்று.

இங்கேதான் பிள்ளைகளின் வாதம் நம் கூடத்துக்குள் வந்து அமர்கிறது. நாமும் ஜூன் மாதத்தில்தானே மதிப்பெண் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, இன்னவன் தேறுவான், இன்னவள் தேறமாட்டாள் என்று தீர்ப்பு எழுதுகிறோம்? வீட்டின் குறையை நிரப்பும் படிப்பா, பிள்ளையின் திறமைக்கு உரிய படிப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம்? பத்தொன்பது வயதில் தவறிய பிள்ளையைப் பெயர் சொல்லிப் பிறர்முன் பேசிவிடுகிறோம். அப்பேச்சு அவன் காதில் விழுவதையும் மறந்துவிடுகிறோம்.

நாம் இவ்வூருக்கு வந்தபோது நம்மை முதலிடத்தில் எவரும் தெரிந்தெடுக்கவில்லை. ஒரு தகரப் பெட்டியும் எவரோ எழுதிக்கொடுத்த முகவரியுமாக வந்து இறங்கினோம். முன்னே வந்த ஒருவர் படுக்க இடம் தந்தார். மற்றொருவர் வேலை பழகும் வரை பொறுத்துக்கொண்டார். அந்தப் பொறுமையே நம்மை ஆளாக்கிற்று. தெரிவில் பிழை நேர்வது இயல்பு. அறிவும் அனுபவமும் மிக்க நிர்வாகிகளுக்கே நேர்ந்திருக்கிறது. தெரிந்தெடுத்தபின் அடிபட்ட காலுக்கு மருந்திடுவதும், ஓராண்டு காத்திருப்பதுமே நம் கையில் உள்ளவை.

அடுத்த தெரிவு நாளன்று பிள்ளைகள் விடியலில் எழுந்து வாதாடட்டும். நாமும் காப்பியோடு அருகில் அமர்வோம். எவனை எடுக்கலாம் என்று அவர்கள் கேட்டால் நம் கருத்தையும் சொல்வோம். எடுத்தபின் அவனை என்ன செய்வார்கள் என்று நாம் ஒரு கேள்வி கேட்போம்.