குறட்டை ஏன் திடீரென நிற்கிறது?

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்பது தப்புக் கணக்கு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரியும். குறுகிய வழியில் காற்று நுழைகையில் மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்வதே குறட்டை. வழி முழுக்க அடைபட்டால் சத்தம் சட்டென நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை உசுப்பிவிடும். ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். தூங்கியவருக்குக் காலையில் இதெல்லாம் நினைவிருக்காது! 10 விநாடியாவது மூச்சு நிற்பதைத்தான் மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். மணிக்கு 30 முறை என்றால் இந்தத் தூக்க மூச்சடைப்பு நோய் முற்றியிருக்கிறது. உடல் பருமன், தடித்த கழுத்து, மது ஆகியவை முக்கியக் காரணங்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சில் வீக்கம். பகலில் கண் சொக்குகிறதா? பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், பிறகு மருத்துவரைப் பாருங்கள்.