பார்ப்பவரையும் பார்க்க வேணும்

"நான் லுஹர் தொழுதிட்டனா மகள்?" ஒரு மணித்தியாலத்துக்குள் உம்மா பத்துத் தரம் கேட்பா. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதிய நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதியை. ஆகவே அவவுக்கு ஒவ்வொரு முறையும் அது முதற் கேள்வி, எனக்கோ பத்தாவது. ஒருநாள் சத்தம் போட்டுவிட்டேன். பிறகு அழுதேன்.

சூரத்துல் இஸ்ராவின் 23ஆம் வசனம், முதிய பெற்றோரிடம் சலிப்புக் காட்டும் சிறு சொல்லையும் தடுக்கிறது. அக்கட்டளை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. வீட்டிலிருக்கும் ஒரு மகளுக்கு மட்டுமல்ல. இரவிரவாகக் கண்விழிப்பவருக்கு வரும் சலிப்பு ஈமானின் குறையல்ல, உடம்பின் களைப்பு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வந்து உம்மாவோடு இருக்கிறார். நான் உறங்குகிறேன். எழும்பிய பிறகு, பதினோராம் தரமும் "தொழுதிட்டீங்க உம்மா" என்று சிரித்துச் சொல்ல முடிகிறது.