மழைநேர வளைவும் காரின் வேகமும்

மழைக்காலமானாலும் நிக்காஹ், வலீமா என்று குடும்பத்தோடு காரில் போகத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் ஊட்டி, வால்பாறை என்று கிளம்பிவிடுகிறோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நேர்ச்சாலையில் நன்றாக ஓட்டுபவர்கூட ஈரமான வளைவில் தடுமாறுவது ஏன்?

கார் சாலையைப் பிடித்திருப்பது நான்கு டயர்களால்தான். ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. திரும்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் அந்தப் பிடிப்பையே பங்கிட்டாக வேண்டும். மழையில் மொத்தப் பிடிப்பே குறைந்துவிடுகிறது. அப்போது வளைவின் நடுவில் பயந்துபோய் பிரேக்கை மிதித்தால், திரும்புவதற்கு மிச்சமிருந்ததும் போய்விடும். வேகக் கணக்கும் நாம் நினைப்பதுபோல் இல்லை. 20 கி.மீ. வேகத்தில் திரும்பிய வளைவில் 40-ல் திரும்பினால், டயர்கள் தாங்கவேண்டிய விசை நான்கு மடங்கு.

ஆகவே வண்டி நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மலை இறக்கத்தில் தாழ்ந்த கியரில்தான் வரவேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது நம்மில் பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம்.

"தூறல்தானே" என்பார்கள். பல நாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறலில்தான் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து, சோப்பு போட்டதுபோல் வழுக்கும்.

ஸ்டீயரிங்கை ஒடித்தும் வண்டி நேராகவே போகிறதா? முன் டயர்கள் வழுக்குகின்றன. இன்னும் ஒடிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கைச் சற்றே தளர்த்துங்கள். பிடிப்பு வந்ததும் திருப்பலாம். பின்பக்கம் வெளியே வீசினால், போகவேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆனால் ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான சாலையில் இதற்கெல்லாம் இடமும் நேரமும் கிடைப்பது அரிது. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்றும் இருந்துவிட முடியாது. சக்கரம் பூட்டிக்கொள்வதைத்தான் அது தடுக்கும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

இன்னொன்று, ஐந்து பேர் காரில் எட்டுப் பேர் ஏறி, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வது. எடை கூடிய வண்டி நிற்கத் தாமதமாகும். மடிப்பிள்ளைக்கு சீட் பெல்ட்டும் கிடையாது. இரண்டாவது வண்டி பிடித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் டயரைப் பாருங்கள். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். 1.6 மி.மீ. ஆழமே மிச்சம் என்பதற்கான அடையாளம் அவை. டயர் அந்த மேடுகள் வரை தேய்ந்திருந்தால், மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.