வட்டத்தை வரைவது யார்?

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்துக்கு 2026 வரைதான் ஆயுள். அடுத்த திட்டம் பற்றிய பேச்சு தொடங்கியதுமே ஜார்ஜ் டவுன் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. “வணிகச் சூழல் மதிப்பீடு என்கிறார்களே, கடையை எண்ணவா, காலி பண்ணவா?” என்பதுதான் பலருடைய கேள்வி.

அந்த மதிப்பீடு என்றால் என்ன?

ஒரு பழைய கடைவீதியில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை, புதிதாக எது வந்தால் ஓடும் என்று கன்சல்டன்ட் எழுதித் தரும் அறிக்கை. எது வர வேண்டும் என்பது சில நேரம் முன்பே முடிவாகியிருக்கும். காரணத்தை மட்டும் அறிக்கை தேடித் தரும்.

எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

கெட்டிக்காரத்தனமும் வில்லங்கமும் இங்கேதான். வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். உள்ளே குடியிருப்பவர்கள் ஒரு பொருளுக்கு எவ்வளவு செலவழிப்பார்கள் என்று கணித்து, அங்குள்ள கடைகளின் விற்பனையை அதிலிருந்து கழிப்பார்கள். மீதி நின்றால் அது ‘லீக்கேஜ்’: பணம் வெளியே போகிறது, புதுக் கடைக்கு இடமுண்டு. விற்பனை அதிகமென்றால் ‘உபரி’: இருக்கும் கடை போதும்.

ஜார்ஜ் டவுனின் துணிக்கடைத் தெருவான கோடவுன் தெருவை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு. சின்ன வட்டத்தில் 10,000 வீடுகள். வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய் துணிச் செலவு என்றால் 2 கோடி. கடைகள் விற்பது 50 கோடி என்று வைத்தால் 48 கோடி உபரி, துணிக்கடை போதும். வட்டத்தைப் பெரிதாக்கி 10 லட்சம் வீடுகளை உள்ளே இழுங்கள். செலவு 200 கோடி. உள்ளே வரும் எல்லாக் கடைகளின் விற்பனையும் 150 கோடி என்றால் 50 கோடி லீக்கேஜ், மால் கட்டலாம். தெரு மாறவில்லை, கடை மாறவில்லை. மாறியது காம்பஸின் அகலம்.

கோடவுன் தெருக் கடைகள் விற்கும் அந்த 50 கோடியும் மொத்த வியாபாரம் என்பது இன்னொரு சிக்கல். வேலூரிலிருந்து வந்த கடைக்காரர் பண்டல் கட்டி மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பும் சரக்கு எந்த வீட்டுச் செலவிலும் சேராது. ஆண்டர்சன் தெருக் காகிதத்துக்கும் இதே கதி. குடியிருப்பவர்களை வைத்து அளக்கும் சூத்திரம், வெளியூரை நம்பிப் பிழைக்கும் தெருவை எப்படி அளக்கும்?

விற்பனைக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும் சரக்குக் கடைகளுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை; பிளாட்பாரக் கடைகள் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே வராது. பகலில் ஷட்டர் இறங்கியிருந்தால் ‘காலிக் கடை’ என்று குறித்துக்கொள்வார்கள். ஜார்ஜ் டவுனில் அது யாருடைய சரக்கு அறையாகவும் இருக்கலாம். தட்டிக் கேட்டால் தெரிந்துவிடும்.

இந்த மதிப்பீட்டில் பொழுதுபோக்கை எதை வைத்து அளக்கிறார்கள்?

தியேட்டர் இருக்கை, உணவகம், மது விற்கும் இடம். ஆங்கிலப் படத்துக்குப் பேர்போன மினர்வா தியேட்டர் அந்தக் காலத்தில் இந்தப் பட்டியலில் ஏறியிருக்கும். சாயங்காலம் மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச்சுக்கு நிற்கும் கூட்டம் ஏறாது.

நெரிசல் குறையுமா?

கொத்தவால் சாவடி மொத்தக் காய்கறி வியாபாரத்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றியபோதும் நெரிசல் குறையும் என்றுதான் சொன்னார்கள்.

வாடகை ஏறுமா?

தெரு அழகானால் ஏறும். குட்வில் கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒப்பந்தத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

நடைபாதை வியாபாரிகள்?

2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை அப்புறப்படுத்தக் கூடாது. சான்று வந்ததும் பத்திரப்படுத்துங்கள்.

மதிப்பீட்டுக்காகக் கணக்கெடுக்க வந்தால் பதில் சொல்லலாமா?

சொல்லலாம். சரக்கு எந்தெந்த ஊருக்குப் போகிறது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது?

வட்டம் போட்ட வரைபடத்தை.