பேண்தகு நகரப் போக்குவரத்து

பேண்தகு நகரப் போக்குவரத்து என்பது நடை, மிதிவண்டி, பேருந்து, தொடர்வண்டி ஆகியவற்றுக்கு முதன்மை தந்து, எரிபொருள் செலவையும் காற்று மாசையும் குறைக்கும் போக்குவரத்து முறை ஆகும். தெரு, நடைபாதை, பேருந்து நிறுத்தம், சந்தை போன்ற பொதுவெளிகளின் அமைப்பு மக்களின் பயண முறையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

அடிப்படை

ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பேருந்து ஏறத்தாழ மூன்று மகிழுந்துகளின் நீளமே உடையது. எனினும் ஒவ்வொரு பேருந்துப் பயணமும் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. நிறுத்தம் வரை நடக்க இயலாத தெருவில் பேருந்து இருந்தும் பயன் குறைவு. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இதன் முழுப்பயனும் நடைபாதையைச் சார்ந்தே உள்ளது.

சாலை இடத்தை ஊர்திகளுக்கு அன்றி மக்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் இந்திய தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் கருத்தாகும்.

திருநெல்வேலி

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தாமிரபரணியின் இரு கரைகளில் வளர்ந்த ஊர்கள். 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் இவற்றை இணைத்தது. இரு ஊர்களும் இன்று ஒரே மாநகராட்சியில் உள்ளன. ஆற்றைக் கடக்கும் பயணங்கள் ஒரு சில பாலங்களிலேயே குவிவதால், அங்கு நடப்போருக்கான இடம் இன்றியமையாதது.

சந்திப்புத் தொடர்வண்டி நிலையத்தின் அருகே இருப்புப்பாதையைக் கடக்கும் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் 1973இல் திறக்கப்பட்டது. மேல் தளத்தில் பேருந்து முதலிய கனரக ஊர்திகளும், கீழ்த் தளத்தில் மிதிவண்டி முதலிய இலகு ஊர்திகளும் செல்கின்றன. விரைவிலும் எடையிலும் வேறுபட்ட ஊர்திகளைப் பிரிப்பது விபத்தைக் குறைக்கும் என்பது இத்தகைய அமைப்பின் தத்துவம். ஆயினும் மோட்டார் இருசக்கர ஊர்திகள் பெருகியபின், மிதிவண்டி ஓட்டுவோர் கீழ்த் தளத்தை அவற்றுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது.

நெல்லையப்பர் கோயிலின் ரத வீதிகள் ஆனித் தேரோட்டத்தின்போது முழுமையாக நடப்போர் வெளியாக மாறுகின்றன. 2017இல் இம்மாநகரம் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

வடிவமைப்புக் கூறுகள்

* நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமை (இந்தியச் சாலைப் பேராயம், 2012).
* சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளம்.
* நிழல் மரங்கள். கோடை வெயில் கடுமையான நெல்லை போன்ற ஊர்களில் இவையின்றி நடைபாதை பயன்படாது.
* சாலையைச் சம தளத்தில் கடக்கும் வசதி. படியேறும் நடைமேம்பாலங்களை முதியோர் தவிர்க்கின்றனர்.

பிற நகரங்கள்

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரம் 1962இல் தன் முதன்மைக் கடைவீதியை நடப்போருக்கு மட்டும் என ஒதுக்கியது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது; 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

சிக்கல்கள்

ஊர்தி நிறுத்துமிடம் குறைந்தால் வணிகம் பாதிக்கப்படும் எனக் கடைக்காரர்கள் அஞ்சுவதுண்டு. அகலப்படுத்திய நடைபாதைகளில் இருசக்கர ஊர்திகள் நிறுத்தப்படுவதும் உண்டு. சீரமைப்பின் பெயரால் நடைபாதை வணிகர்கள் அகற்றப்படுவது மற்றொரு சிக்கல். 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் அவர்களுக்கு விற்பனைப் பகுதிகளை வரையறுக்க வழிசெய்கிறது. இவ்வணிகர்களின் நடமாட்டம் இரவில் தெருவைப் பாதுகாப்பாக வைத்திருக்கவும் உதவுகிறது.