தட்டைக் கண்ணாடியும் ஒளியைக் குவிக்கும்

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்து உலர்ந்த சருகைப் புகையச் செய்வது மாணவர்க்கு விருப்பமான விளையாட்டு. அக்கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தால் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதை உணரலாம். அந்தத் தடிப்பு எதற்காக? அஃதின்றி ஒளியைக் குவிக்க இயலாதா? இவ்வினாக்களுக்கு அறிவியல் தந்துள்ள விடையை ஈண்டுக் காண்போம்.

ஒளி அலைகளாகச் செல்வது. பல வழிகளில் வரும் அலைகள் ஓரிடத்தில் ஒத்த நிலையில் வந்து சேர்ந்தால்தான் அங்கே ஒளிப்புள்ளி தோன்றும். தோட்டத்துப் பெரட்டுக்களத்தை எண்ணிப் பாருங்கள். தொலைவிலுள்ள லயத்தாரும் அருகிலுள்ள லயத்தாரும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டுமாயின், அருகில் இருப்போர் சற்றுத் தாமதித்தே புறப்பட வேண்டும். வில்லையிலும் நடுவழியே குறுகிய வழி. அங்குள்ள தடித்த கண்ணாடி ஒளியைத் தாமதிக்கச் செய்கிறது. அதற்குள் ஓரத்து ஒளியும் வந்து சேர்ந்துவிடுகிறது. வில்லையின் தொழில் இதுவே.

தடிப்பின்றியே இவ்வேலையைச் செய்யலாம் என்பதை 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பெடரிக்கோ கபாசோ குழுவினர் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் செய்து காட்டினர். வெள்ளைச் சாயத்தில் சேர்க்கப்படும் டைட்டானியம் டையாக்சைடால், பலகைத் துண்டு போன்ற நுண்தூண்களைத் தட்டைக் கண்ணாடிமீது அமைத்தனர். அவற்றின் உயரம் 600 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரப்பர்க் கன்றுகளை நிரை பிடித்து நடுவதுபோல் அவை நிற்கின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் தன் இடத்திற்கேற்ற கோணத்தில் திருப்பி வைக்கப்பட்டுள்ளது. சுழன்று அதிரும் ஒளியலை அத்தூணைக் கடக்கையில், தூண் திரும்பிய அளவிற்கேற்ப முந்தியோ பிந்தியோ வெளிப்படுகிறது.

தூணைத் திருப்பினால் அலை ஏன் மாற வேண்டும்? இதற்கு அடிப்படை கண்டவர் தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர். சர் சி. வி. இராமனின் சகோதரி மகனான பஞ்சரத்தினம், பெங்களூர் இராமன் ஆய்வுக்கழகத்தில் படிகங்களினூடே செல்லும் ஒளியை ஆராய்ந்தவர். ஒளியலையின் அதிர்வு பல நிலைகளுக்கு மாறிப் பழைய நிலைக்கே மீண்டாலும், அது சென்று வந்த வழிக்கேற்ப அலை சற்று முன்பின்னாக நிற்கும் என்று 1956இல், தம் 22ஆம் வயதில் வெளியிட்டார். 1969இல் ஆக்ஸ்போர்டில் 35 வயதிலேயே மறைந்தார். 1984இல் மைக்கேல் பெர்ரி என்னும் ஆங்கிலேய அறிஞர் இத்தகைய மாற்றத்தைப் பொதுவிதியாக நிறுவினார். பின்னர் 1987இல், பஞ்சரத்தினம் முன்பே கண்டதை அவரே எடுத்துரைத்தார். இன்று அது இருவர் பெயராலும் வழங்குகிறது. பஞ்சரத்தினம் வில்லை செய்ய எண்ணி ஆராயவில்லை. ஒளியின் இயல்பை அறியவே ஆராய்ந்தார். பயனோ 60 ஆண்டுகளுக்குப் பின் விளைந்தது.

நம் கண்ணில் தசை, வில்லையின் வடிவத்தை மாற்றி அருகிலும் தொலைவிலும் பார்க்க உதவுகிறது. தட்டை வில்லைக்கும் அத்தகைய தசையை ஹார்வர்டு அறிஞர்கள் 2018இல் அமைத்தனர். ரப்பர்ப் பட்டையில் மையால் புள்ளிகள் இட்டு இழுத்துப் பாருங்கள்; புள்ளிகள் விலகும். அவ்வாறே, ரப்பர்போல் நீளும் மெல்லிய தாளின்மீது தட்டை வில்லையை ஒட்டி மின்னழுத்தம் கொடுத்தனர். தாள் விரியத் தூண்கள் இடம் மாறின. குவியமும் இடம் மாறியது. தாளும் வில்லையும் சேர்ந்தே 30 மைக்ரோமீட்டர்தான், தலைமுடியினும் மெல்லியது.

குறைகளும் உள. வெவ்வேறு நிறங்களை ஒரே இடத்தில் குவிப்பது இவ்வில்லைகளுக்கு அரிது. நீளும் தாளுக்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். ஆகவே மூக்குக்கண்ணாடிக்கு இவை இன்னும் மாற்றாகவில்லை.

எனவே பெற்றோர்க்கு ஒரு சொல். கரும்பலகையைக் காணக் கண்ணைச் சுருக்கும் பிள்ளையையும், புத்தகத்தை முகத்தருகே பிடிக்கும் பிள்ளையையும் படிப்பில் மந்தம் என்று கடிந்துகொள்ள வேண்டா. அரசாங்க மருத்துவ நிலையத்திலோ ஈப்போவிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கடையிலோ கண்ணைச் சோதித்துப் பார்ப்போம். புதிய வில்லை வருங்காலத்தில் வரட்டும். நம் பிள்ளைக்குப் பார்வை இன்றே வேண்டும்.