பள்ளி மாறினால் பல்கலைக்கழகக் கதவு திறக்குமா?

"என் மகன் படிக்கும் பள்ளியில் கூடுதல் கணிதம் இல்லை. பட்டணத்தில் இருக்கும் பெரிய பள்ளிக்கு மாற்றினால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா, ஐயா?"

நான்காம் படிவம் தொடங்கும் காலத்தில் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. ஆறாம் படிவத்திற்குப் போகும்போதும் இதே கேள்வி எழுகிறது. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

முதலில், பொதுப் பல்கலைக்கழகம் எதைப் பார்க்கிறது? எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவர்களின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு. எஞ்சிய 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. இந்தக் கணக்கில் பள்ளியின் பெயருக்குப் புள்ளி கிடையாது. பட்டணத்துப் பள்ளியில் எடுத்த 'ஏ'யும் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் எடுத்த 'ஏ'யும் ஒன்றுதான்.

அப்படியானால் பள்ளி மாறவே வேண்டாமா? அப்படியும் இல்லை. ஒவ்வொரு துறைக்கும் கட்டாயப் பாடங்கள் உண்டு. மருத்துவத்திற்கு உயிரியலும் இரசாயனமும் வேண்டும். பொறியியல் துறைகள் பெரும்பாலும் கணிதத்தையும் பௌதிகத்தையும் கேட்கின்றன. இவற்றைப் படிக்காதவர் மற்றப் பாடங்களில் எவ்வளவு சிறப்பாகத் தேறினாலும் அந்தத் துறைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2020-இல் நான்காம் படிவத்தில் அறிவியல், கலை என்ற பிரிவு நீக்கப்பட்டுப் பாடத் தொகுப்பு முறை வந்தது. ஆனால், எந்தத் தொகுப்பைக் கொடுப்பது என்பது பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களையும் மாணவர் எண்ணிக்கையையும் பொறுத்தது. பிள்ளை விரும்பும் துறைக்குத் தேவையான பாடம் இப்போதைய பள்ளியில் இல்லையென்றால், மாறுவதில் அர்த்தம் உண்டு.

'கடினமான பாடம் எடுத்தால் மதிப்பு' என்று எண்ணி மாறுவதுதான் ஆபத்து. கணக்கில் தடுமாறும் பிள்ளையைக் கடினமான தொகுப்பில் தள்ளினால், 'ஏ' வாங்க வேண்டியவர் 'சி'யோடு நிற்பார். 2024-இல் அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது: எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ'யும் அதற்கு மேலும் பெறுவோருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்பதே அது. அங்கேயும் பேசியது தேர்ச்சிதான், பள்ளியின் பெயரன்று.

மாறுவதால் இழப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விடியற்காலை பஸ், விடுதிச் செலவு, புதிய சூழல் ஆகியவை ஒரு பக்கம். பழைய பள்ளியில் கழகத் தலைவராகவும் விளையாட்டு வீரராகவும் இருந்த பிள்ளை, புதிய பள்ளியில் மீண்டும் கடைசி வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த 10 விழுக்காடு இங்கேதான் நழுவுகிறது. எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று தவணைகளாக நடக்கிறது. பள்ளியிலேயே செய்யும் இடுபணிக்கும் புள்ளி உண்டு. ஆகவே நடுவில் மாறுவது மிகவும் சிரமம். மாறுவதென்றால் தொடக்கத்திலேயே மாறிவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். புதிய பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்கிறதா? 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் போதிக்க வழி உண்டு. நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறினால், பழைய பள்ளியில் அந்த எண்ணிக்கை குறையும். போன இடத்திலும் 15 பேர் இல்லையென்றால், எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழைப் பிள்ளை தனியாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

எனவே, மாற்று விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். பிள்ளை விரும்பும் துறை கேட்கும் பாடம் எது? அது இப்போதைய பள்ளியில் உண்மையிலேயே இல்லையா? அதில் நல்ல தேர்ச்சி பெறும் ஆற்றல் பிள்ளைக்கு இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்காகத் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். அதே பாடத்தை விரும்பும் மற்றப் பெற்றோரையும் உடன் அழைத்துப் போங்கள். மாணவர் எண்ணிக்கை சேர்ந்தால் இங்கேயே அந்த வகுப்பைத் திறக்க வழி பிறக்கலாம்.

மூன்று கேள்விகளும் 'மாறு' என்று சொன்னால் தயங்காமல் மாற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மாறிவிட்டான் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள்.